முதலில் போனவர்கள் எங்கே திரும்பி வந்தார்கள்?

1964 ஜனவரியில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரைச் சுற்றிய மலைகளில் போதிய பனி விழவில்லை. குளிர்கால ஒலிம்பிக் நெருங்கிவிட்டது, ஆனால் சரிவுகள் மண்ணும் புல்லுமாகத் தெரிந்தன. ஆஸ்திரிய ராணுவத்தார் உயரமான இடங்களிலிருந்து பனியை வெட்டி, சுமந்து, கொண்டுவந்து கொட்டி, காலால் மிதித்து இறுக்கினார்கள். அப்படி மனிதக் கைகளால் விரிக்கப்பட்ட பனியின்மேல்தான் இந்தியாவின் பெயரைத் தாங்கிய ஒருவர் முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கினார். அவர் பெயர் ஜெரமி புஜகோவ்ஸ்கி. போலந்துப் பெற்றோருக்கு 1939-இல் பிறந்து, இந்தியக் குடிமகனானவர். பனிச்சறுக்கில் அவர் தேர்ந்தது அமெரிக்காவில். பாட்ஷர்கோஃபெல் மலையில் நடந்த டவுன்ஹில் போட்டியில் அவரால் எல்லைக்கோட்டை எட்ட முடியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1968-இல், பிரான்சின் கிரெனோபிளிலும் அவர் ஒருவரே இந்திய அணி. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குக் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியப் பெயரே இல்லை. இந்த இருபதாண்டு மௌனம்தான் இக்கட்டுரையின் பொருள். பனிச்சறுக்கில் ஒரு சிறிய நாடு முதல் அடி வைப்பதும் அந்த அடி ஒரு பாதையாவதும் வேறு வேறு காரியங்கள். முதலாவதற்கு ஒரு தனிமனிதரின் துணிவும் வாழ்க்கை வாய்ப்பும் போதும். இரண்டாவதற்கு, அவர் கற்றதைத் திரும்பி வந்து ஒப்படைக்க உள்ளூரில் ஓர் இடம் இருக்க வேண்டும்.

இந்தியாவைச் சிறிய நாடு என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 1964-இல் நம் மக்கள்தொகை நாற்பத்தைந்து கோடியைத் தாண்டியிருந்தது. உலகின் மிக உயர்ந்த மலைத்தொடரும் நம்முடையது. ஆனால் விளையாட்டில் அளவு என்பது தலைகளின் எண்ணிக்கையும் மலையின் உயரமும் மட்டுமே என்றால், லீக்டென்ஸ்டைன் என்ற நாட்டை விளக்கவே முடியாது. அதன் பரப்பு 160 சதுர கிலோமீட்டர். 1970-களில் அதன் மக்கள்தொகை 25,000-ஐ ஒட்டியே இருந்தது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சென்னையின் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்து வெளியேறுபவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள். 1936-இல் முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்குக்கு வந்த அந்த நாடு நாற்பது ஆண்டுகள் பதக்கமின்றிக் காத்திருந்தது. 1976-இல் இரண்டு வெண்கலம். 1980-இல் ஹன்னி வென்செல் தனியாகவே இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். அவருடைய தம்பி ஆண்ட்ரியாஸ் ஒரு வெள்ளி வென்றார். 2018-இல் ஹன்னியின் மகள் டினா வைராதர் ஒரு வெண்கலம் வென்றார். அந்த நாடு இதுவரை பெற்ற பத்துப் பதக்கங்களும் ஆல்பைன் பனிச்சறுக்கில் வந்தவை. மலையும் பனியும் வாசலிலேயே இருந்தது பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது. இருந்தும் அதே மலையும் பனியும் 1936-இலும் இருந்தன. பதக்கத்தைக் கொண்டுவந்தது இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள். அவற்றில் ஒருவர் கற்றது அடுத்தவருக்குச் சேர்ந்தது; பின்னர் தாய் கற்றது மகளுக்கும் சேர்ந்தது. இந்தக் கணக்கின்படி பார்த்தால் 1964-இன் இந்தியா லீக்டென்ஸ்டைனைவிடச் சிறிய நாடு.

அந்தச் சிறுமை எங்கே தொடங்கியது என்று தேடினால் பாதை சென்னையின் நந்தனத்துக்கு வருகிறது. 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கி, இன்று அங்கே இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் இந்த நாட்டில் விளையாட்டைக் கற்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றிய முன்னோடி நிறுவனம். பக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு சென்றவர், கண்ணூரின் சி. கே. லட்சுமணன் தடை ஓட்டத்தில் ஓடியது அந்த ஒலிம்பிக்கில்தான். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதிலும் பக்குக்குப் பெரும் பங்கு உண்டு. அதே 1924-இன் தொடக்கத்தில் பிரான்சின் சாமனியில் முதல் குளிர்கால விளையாட்டுகள் நடந்தன. அந்தப் பக்கம் இந்தியாவிலிருந்து ஒருவரும் போகவில்லை. போகவேண்டும் என்ற எண்ணம் எழுவதற்கே இங்கு அடித்தளம் இல்லை. நம் ஒலிம்பிக் இயக்கம் சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற துறைமுக நகரங்களிலும் சமவெளிக் கல்லூரிகளிலும் வேர்விட்டது. ஓட்டம், தாண்டுதல், ஹாக்கி என்று மண்ணில் நடப்பவற்றுக்கு அது ஆசிரியர்களை உருவாக்கியது. பனியோ வேறொரு உலகத்தில் இருந்தது. குல்மார்க்கில் 1927-இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் தொடங்கிய ஸ்கி கிளப் அவர்களின் விடுமுறைப் பொழுதுக்கானது. காஷ்மீரத்து மக்கள் அங்கே பெரும்பாலும் சுமை தூக்கினார்கள், வழி காட்டினார்கள். ஆட்சி முடிந்து அதிகாரிகள் கப்பலேறியபோது கிளப்பின் அனுபவமும் அவர்களோடு போய்விட்டது. பிறகு போரும் எல்லைக்கோடும் வந்தன. அரசு சார்பில் குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கல்விக்கு நிறுவனம் வந்தது 1960-களின் இறுதியில்தான். ஆக, புஜகோவ்ஸ்கி இன்ஸ்புரூக்கில் நின்றபோது அவருக்குப் பின்னால் ஒரு தேசம் இருந்தது; ஒரு பள்ளி இல்லை.

அவர் உண்மையில் இந்தியர்தானா என்ற ஐயத்தை இங்கேயே முடித்துவிடுவது நல்லது. போலந்துக்காரர் ஒருவர் வாய்ப்புக்காக இந்தியக் கொடியைப் பிடித்துக்கொண்டார் என்று குறைத்துப் பேசுவது அநீதி. இரண்டாம் உலகப்போரில் வீடிழந்த போலந்துக் குழந்தைகளுக்கு ஜாம்நகர் அரசர் பாலாசடியில் இடம் கொடுத்த காலம் அது; போலந்து மக்களின் கதையும் இந்தியாவின் கதையும் அப்போது பல இடங்களில் ஒன்றையொன்று தொட்டன. ஒரு நாட்டின் குடிமகன் அந்த நாட்டின் வீரன். பிறந்த ஊரைக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை. மேலே சொன்ன ஹன்னி வென்செலே ஜெர்மனியில் பிறந்தவர். கைக்குழந்தையாக லீக்டென்ஸ்டைனுக்கு வந்தவருக்கு 1974-இல் உலகச் சாம்பியன் ஆன பிறகே குடியுரிமை கிடைத்தது. புஜகோவ்ஸ்கியின் குறை பிறப்பில் இல்லை. அவர் பயிற்சி எடுத்த இடமும் வாழ்ந்த இடமும் இந்தியாவின் எந்தச் சரிவோடும் இணையாமல் இருந்ததுதான் குறை, அதுவும் அவருடைய குறையல்ல. அவர் வந்து கற்பிக்க விரும்பியிருந்தாலும் எந்த வாசலைத் தட்டியிருப்பார்?

இதற்கு நேர் எதிரான ஒரு சான்று சென்னையிலேயே, அதே ஆண்டுகளிலேயே கிடைக்கிறது. பனிச்சறுக்கைச் சதுரங்கத்தோடு ஒப்பிடுவது முதல் பார்வையில் பொருந்தாததாகத் தோன்றலாம். ஆனால் கேள்வி ஒன்றே: ஐரோப்பாவில் கடைசியில் நின்ற ஒரு முதல் வீரர் ஊருக்கு எதைக் கொண்டுவந்தார்? மானுவல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். மறு ஆண்டு, 1962-இன் கடுங்குளிரில், ஸ்டாக்ஹோமில் நடந்த, உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றான இன்டர்சோனல் போட்டியில் ஆடினார். 23 பேர் ஆடிய அந்தப் போட்டியில் பாபி ஃபிஷர் முதலிடம். ஆரோன் பெற்றது 22 ஆட்டங்களில் 4 புள்ளிகள், இடம் கடைசி. அந்த நான்கு புள்ளிகளுக்குள் போர்டிஷ், உல்மான் என்ற இரண்டு பெரும் ஆட்டக்காரர்களை வீழ்த்திய வெற்றிகளும் அடங்கும் என்பதைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவார்கள். அவர் திரும்பி வந்தது சென்னைக்கு. ஒன்பது முறை தேசியச் சாம்பியன் ஆனார். 1972-இல் சோவியத் கலாசார மையத்தில் மிகயில் டால் சதுரங்க கிளப் எழுந்தது. அதை வளர்த்தவர் அவர். அந்த மையம் இன்று ரஷ்யக் கலாசார மையமாக ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கிறது. வெளியே எளிதில் கிடைக்காத சோவியத் சதுரங்க நூல்கள் அந்த கிளப்பில் கிடைத்தன. பலகைகள் இருந்தன, கடிகாரங்கள் இருந்தன, தோற்றவரை உட்காரவைத்து எங்கே தவறினாய் என்று காட்ட மூத்தவர்கள் இருந்தார்கள். விஸ்வநாதன் ஆனந்த் என்ற சிறுவன் அங்கே ஆடினான். 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். இன்று தமிழ்நாட்டில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள். 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். ஸ்டாக்ஹோமின் கடைசி இடத்திலிருந்து சிங்கப்பூரின் உலகப் பட்டம் வரை நீளும் அந்தக் கோட்டில் அறுந்த இடம் ஒன்றுகூட இல்லை.

சதுரங்கத்துக்கு ஒரு பலகையும் மின்விசிறியும் போதும், பனிச்சறுக்குக்கு மலை வேண்டுமே, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது இந்த ஒப்பீட்டுக்கு எழக்கூடிய வலுவான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. செலவு குறைந்த ஆட்டம் விரைவில் பரவும். ஆனால் செலவு முழுக் காரணமாக இருந்தால் புல்தரை டென்னிஸ் சென்னையில் வளர்ந்திருக்கக் கூடாது. தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில், சித்திரை வெயிலில், புல்தரையைப் பராமரிப்பதைவிட இயற்கைக்கு மாறான காரியம் அரிது. அப்படியிருந்தும் ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960-லும் 1961-லும் அங்கே அரையிறுதி வரை சென்றார். 1966-இல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்கு இட்டுச் சென்றார். அவருக்குக் கற்பித்தவர் தந்தை டி. கே. ராமநாதன். கிருஷ்ணனிடமிருந்து மகன் ரமேஷ் கற்றார். இன்னொரு பக்கம் அமிர்தராஜ் சகோதரர்கள் சென்னையில் தொடங்கிய பயிற்சித் திட்டத்திலிருந்து லியாண்டர் பயஸ் வந்தார். அந்நிய நாட்டு ஆட்டம், அந்நியத் தரை, அதிகச் செலவு. மூன்றையும் தாங்கியது வீட்டுக்குள்ளும் கிளப்புக்குள்ளும் நடந்த கைமாற்றம். பனியிலும் இதற்குச் சான்று உண்டு. ஜப்பானின் சிஹாரு இகயா, அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் படித்துக்கொண்டே 1956 கொர்டினா ஒலிம்பிக்கில் ஸ்லாலம் போட்டியில் வெள்ளி வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆசியக் கண்டத்துக்கே முதல் பதக்கம் அது. வெளிநாட்டுப் படிப்பு, வெளிநாட்டுச் சரிவு என்று அவருக்கும் புஜகோவ்ஸ்கிக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். வேறுபாடு ஊரில் இருந்தது. இகயாவின் தந்தையே பனிச்சறுக்குக்காரர். ஜப்பானில் கிளப்புகளும் பல்கலைக்கழக அணிகளும் முன்பே இருந்தன. 1972-இல் சப்போரோவில் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தியபோது ஸ்கி ஜம்ப் போட்டி ஒன்றில் மூன்று பதக்கங்களையும் ஜப்பானியரே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு மறுப்பு உயிர் சம்பந்தப்பட்டது, அதை விரைந்து கடக்க முடியாது. புஜகோவ்ஸ்கி இறங்கிய அதே பாட்ஷர்கோஃபெல் சரிவில், போட்டிக்குச் சில நாட்கள் முன் பயிற்சியின்போது, ஆஸ்திரேலியாவின் ராஸ் மில்ன் தடம் விலகி மரத்தில் மோதி இறந்தார். வயது 19. அதே வாரத்தில், ஐஸ் தடத்தில் வண்டியில் மல்லாந்து விரையும் லூஜ் விளையாட்டின் பயிற்சியில், பிரிட்டனின் காசிமியெர்ஸ் கே-ஸ்கிர்ஷிபெட்ஸ்கி இறந்தார். அவரும் போலந்தில் பிறந்தவர். பனி குறைந்த மலை, விளிம்பில் பாதுகாப்பற்ற மரங்கள், நெரிசலான தடம் என்று காரணங்கள் பல இருக்க, மில்னின் அனுபவக் குறைவை நோக்கியே ஒலிம்பிக் அதிகாரிகளின் விரல் நீண்டது. பனிமரபு இல்லாத நாட்டார் இங்கே வரலாமா என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருந்தது. அந்தக் கேள்விக்கு மில்ன் குடும்பமே பதில் சொன்னது. ராஸின் தம்பி மால்கம் 1969 டிசம்பரில் வால்திசேரில் உலகக் கோப்பை டவுன்ஹில் போட்டியை வென்றார். 1970 உலகச் சாம்பியன் போட்டியில் வெண்கலமும் வென்றார். தகுதி வரம்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உயிரைப் பணயம் வைத்துப் பங்கேற்பை வாங்கக் கூடாது. ஆனால் வரம்பு வைப்பவர்கள் அந்த வரம்பை எட்டும் வழியையும் திறந்து வைக்க வேண்டும். 1988 கால்கரிக்குப் பிறகு விதிகள் கடுமையானபோது, பின்தங்கிய நாட்டாருக்குச் சர்வதேசப் போட்டிகளில் புள்ளி சேர்க்கும் பயணச் செலவே தடையாயிற்று. திறமை அளக்கப்படுவதற்கு முன்பே பணப்பை அளக்கப்பட்டது.

அந்தக் கால்கரியில்தான் இந்தியப் பெயர் மீண்டும் வந்தது. மூவர் சென்றார்கள், அவர்களில் ஷைலஜா குமார் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்தியப் பெண். ஸ்லாலம் போட்டியில் 28-ஆவது இடம். பின்னர் வந்த சிவா கேசவனின் வழி நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. தலச்சேரித் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்து மணாலி அருகே வளர்ந்த அவர், ஆஸ்திரியாவின் முன்னாள் லூஜ் வீரர் குந்தர் லெமரர் பஞ்ச்குலாவில் நடத்திய முகாமில் அந்த விளையாட்டைத் தொட்டார். அங்கே பனி இல்லை. லூஜ் வண்டிக்குச் சக்கரம் பொருத்தித் தார்ச் சாலையில் ஓட்டினார்கள். அந்தச் சக்கரத்திலிருந்து 1998 நாகானோவுக்கு, பதினாறு வயதில், 28-ஆவது இடத்துக்கு வந்தார். 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் ஓடினார். 2014 சோச்சியில் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் தொடக்க விழாவில் அவரும் தோழர்களும் தேசியக் கொடி இல்லாமல் நடந்தார்கள். சங்கங்களின் சீர்கேட்டுக்கான அபராதத்தை ஒரு வீரர் கட்டிய காட்சி அது. நினைத்தால் இன்றும் சினம் வருகிறது. 2022 பெய்ஜிங்கில் தனி ஒருவராக இறங்கி ஜயன்ட் ஸ்லாலத்தில் 45-ஆவது வந்த ஆரிஃப் கானின் தந்தை குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாதனக் கடை வைத்திருந்தவர். 1927-இல் காஷ்மீரத்து மக்கள் பெரும்பாலும் சுமை தூக்கவும் வழி காட்டவும் வந்த சரிவில் இப்போது தந்தையிடமிருந்து மகனுக்கு ஏதோ கைமாறத் தொடங்கியிருக்கிறது. இடங்களின் எண் இன்னும் பெரியதுதான். ஆனால் 1964-க்கும் இதற்கும் உள்ள தூரத்தை அந்த எண்ணால் அளக்க முடியாது.

சரி, குல்மார்க்குக்கும் மணாலிக்கும் உள்ள நியாயம் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் எப்படிப் பொருந்தும்? தமிழில் பனி என்ற ஒரே சொல் மார்கழி விடியலின் ஈரத்தையும் இமயத்தின் வெண்மையையும் குறிக்கிறது. நம் அனுபவத்தில் முன்பனியும் பின்பனியும் பருவங்களே தவிர கால் வைத்துச் சறுக்கும் தரை அல்ல. விளையாடத் திடல் இல்லாமல் குழந்தைகள் தெருவில் பந்தடிக்கும் நகரத்தில் ஐஸ் தளம் கேட்பது சரியா என்றால், கேட்கக் கூடாது என்பதே என் கருத்து. டேராடூன் ஒரு பாடம். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக அங்கே சர்வதேச அளவில் ஓர் ஐஸ் தளம் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் பல ஆண்டுகள் அது மூடிக் கிடந்தது. தளம் கட்டுவது ஒரு முறைச் செலவு. உறையவைப்பது அன்றாடச் செலவு. பனி விழும் மாநிலத்திலேயே அந்தக் கதி என்றால் சென்னை மே மாதத்தில் மின்கட்டணம் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மணிலாவின் பேரங்காடி ஐஸ் தளத்தில் கற்ற மைக்கேல் மார்ட்டினெஸ் 2014 சோச்சியில் ஃபிகர் ஸ்கேட்டிங் இறுதிச் சுற்று வரை வந்து 19-ஆவது இடம் பெற்றதை மறுபுறச் சான்றாகச் சொல்லலாம். அது வெப்ப நாட்டு வாய்ப்பு பொய்யல்ல என்று காட்டுகிறது. ஆனால் அது வணிகர் கட்டிய தளம். பொதுப் பணத்தில் செய்வதற்கு நம் நகரத்தில் வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது.

அது சக்கரம். சென்னையின் ரோலர் ஸ்கேட்டிங் பயிற்சிகளில் மாலை நேரத்தில் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் அணிந்து சுற்றும் பிள்ளைகளைப் பலரும் பொழுதுபோக்கு வகுப்பாகவே பார்க்கிறார்கள். அந்த வகுப்புகளின் தொடர்ச்சியில் வந்தவர்தான் ஆனந்த்குமார் வேல்குமார். 2021-இல் கொலம்பியாவில் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி. ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023-இல், 3000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம், அதே நாளில் ஆர்த்தி கஸ்தூரி ராஜ் இடம்பெற்ற பெண்கள் அணிக்கும் வெண்கலம். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் 1000 மீட்டர் விரைவோட்டத்தில் உலகச் சாம்பியன் பட்டம். வேக ஸ்கேட்டிங்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. இன்லைன் சக்கரத்தில் உடலைச் சாய்த்து, பக்கவாட்டில் உதைத்து, வளைவில் எடையை மாற்றும் நுட்பமும் ஐஸ் தளத்தில் செய்வதும் நெருங்கிய உறவினர்கள். லே நகரில் நடக்கும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஐஸ் ஸ்கேட்டிங்கில் பதக்கம் வாங்கிவருவது இந்த உறவினால்தான். சக்கரத்துக்குத் தேவை ஒரு சுற்றுத்தளம், ஒரு நல்ல பயிற்சியாளர், ஆண்டுக்குச் சில வாரம் வடக்கே போக ஒரு பயணச்சீட்டு. டேராடூன் தளம் இப்போது மீண்டும் திறந்திருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் சென்னை அணி போய்வர வழி செய்வது இங்கே புதிதாக ஒன்று கட்டுவதன் செலவில் ஒரு துளி.

சக்கரத்திலிருந்து ஐஸுக்குப் போகும் இந்த வழி ஏற்கெனவே ஓரிடத்தில் பலித்துக் காட்டியிருக்கிறது. பெல்ஜியம் சிறிய நாடு, மலை குறைந்த சமவெளி நாடு. 1948-இல் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் இணையர் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அதற்கு ஒரு தங்கம் கிடைத்தது. அடுத்த குளிர்காலத் தங்கத்துக்கு அந்த நாடு 74 ஆண்டுகள் காத்திருந்தது. 2022 பெய்ஜிங்கில், ஐஸ் தளத்தில் அதைக் கொண்டுவந்தவர் பார்ட் ஸ்விங்ஸ். அவர் முதலில் உலகப் பட்டங்கள் வென்றது இன்லைன் சக்கரத்தில்.